சின்னச் சக்கரத்துக்கும் ஒரு பொட்டு

செண்பா, காலை நீட்டிப் படு. முதல்ல அத்தை ஒரு விடுகதை போடறேன். கால் கிடையாது, ஆனா ஓடும். நாள் பூரா ஓடும், ஆனா சக்கரத்தை விட்டு எங்கயும் போகாது. அது என்ன?

"சைக்கிள் செயின்!"

அட, பக்கத்துல வந்துட்டியே! செயின் இரும்பு. இது ரப்பர். பெல்ட்டு. மாவு மில்லுல பாத்திருக்கியே, மோட்டார்ல இருந்து நீளமா ஓடுமே, அதேதான். இன்னிக்குக் கதை ஒரு பெல்ட்டைப் பத்தி. ம் கொட்டணும். கொட்டலைன்னா நிறுத்திடுவேன்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பந்து மைதானம். மைதானம் பூரா புல்லு. அதை வெட்ட ஒரு சிவப்பு வண்டி. குட்டி டிராக்டர் மாதிரி மேல உக்காந்து ஓட்டிட்டே போனா, அடியில பிளேடு சுத்திப் புல்லை வெட்டிட்டே வரும். அதை ஓட்டுறவ பேரு பவளக்கொடி. டுடுடுடுன்னு அவ போனான்னா, பின்னாடி பச்சைப் பாய் விரிச்ச மாதிரி இருக்கும். அங்க தண்ணி பாய்ச்சறவரு நாச்சிமுத்து அண்ணன். அந்த வண்டி லாரியில வந்து இறங்கின அன்னிக்குத் தேங்காய் உடைச்சவரே அவர்தான். வண்டின்னு சொல்ல மாட்டார், "நம்ம புள்ள"ன்னுதான் சொல்வார்.

"புள்ளையா!"

ஆமா. அப்போ ஆயுத பூஜை வந்துச்சு. புள்ளையைக் குளிப்பாட்டித் துடைச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை படைச்சாங்க. மறுநாள் அதுக்கு ஓய்வு. அதுக்கு அடுத்த நாள் காலையில பவளம் வண்டியை எடுத்தா. ஒரு சுத்து, ரெண்டு சுத்து, மூணு சுத்து... சர்ர்ர்ர், டப்!

"என்ன ஆச்சு?"

பெல்ட்டு கழண்டு விழுந்துடுச்சு. இன்ஜின் உறுமுது, வண்டி நகரல.

அந்த நேரம் பாத்து மைதானத்துச் செயலாளர் குடையைப் புடிச்சுக்கிட்டு வந்துட்டார். "ஏம்மா, நாளைக்குக் காலையில பொண்ணுங்க மேட்ச். இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள புல்லு வெட்டியாகணும். இல்லைன்னா இதைப் பழைய இரும்புக்குப் போட்டுட்டு, வேலையை வெளியாளுக்கு விட்டுடுவேன்"ன்னார். வண்டி போச்சுன்னா ஓட்டுறவளுக்கு அங்க என்ன வேலை?

"ஐயோ."

அவ என்ன பண்ணா? இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. சாவியை எடுக்காம வண்டிக்கடியில கை விடவே கூடாது, தெரிஞ்சுக்கோ. பெல்ட்டு ஓரமெல்லாம் பிசிறு. சரி, பழசாயிடுச்சுன்னு நினைச்சா. "நீ கடைக்குப் போ கண்ணு, புள்ளையை நான் பாத்துக்கறேன்"ன்னார் நாச்சிமுத்து அண்ணன். ஓடிப் போய் அதே நம்பர்ல புது பெல்ட்டு வாங்கியாந்து மாட்டினா. டுடுடுடு... ஒரே ஒரு சுத்து. சர்ர்ர், டப்!

"கண்ணு பட்டிருக்கு, வேற ஒண்ணுமில்ல"ன்னார் அண்ணன்.

அப்புறம் பவளம், பெல்ட்டை இழுத்துப் புடிக்கிற ஸ்பிரிங் தளர்ந்திருக்கும்னு நினைச்சா. "நீ போய் எடுத்துட்டு வா கண்ணு, நான் இருக்கேன்"ன்னார் அண்ணன். ஷெட்டுல டப்பா டப்பாவாத் தேடி ஒரு விறைப்பான ஸ்பிரிங்கா எடுத்தாந்து மாட்டினா. டுடுடு... அரைச் சுத்து கூட வரல. டப்!

"ம்."

அப்புறம் மூணாவதா, பெல்ட்டு ஓடுற சின்னச் சக்கரங்க கோணி நிக்குதோன்னு சந்தேகம். நேரான கட்டை ஒண்ணு எடுத்தாந்து வச்சுப் பாத்தா. கோணல் இல்ல. எதுக்கும் நட்டையெல்லாம் முறுக்கினா. டுடு... பத்தே அடி. டப்!

"இன்னும் மோசமாயிடுச்சு."

அதேதான் பவளமும் யோசிச்சா. மூணு சுத்து ஓடுச்சு, அப்புறம் ஒரு சுத்து, அப்புறம் அரை, இப்போ பத்தடி. சரி பண்ணப் பண்ண ஏன் மோசமாகுது? தூரத்துல மரத்தடியில செயலாளர் கடிகாரத்தைப் பாக்கறார். பவளம் அவசரப்படல. புல்லுல சப்பணம் போட்டு உக்காந்தா. பெல்ட்டைக் கழட்டி வச்சுட்டு, ஒவ்வொரு சின்னச் சக்கரமா, பெல்ட்டு உக்கார்ற பள்ளத்துல விரலை வச்சு மெதுவா சுத்திப் பாத்தா. முதல் சக்கரம், வழுவழு. ரெண்டாவது, வழுவழு. ஓரத்துல இருந்த மூணாவது, வழுவழு... கடக்!

"என்ன அது?"

ஒரு கட்டி. அடியில கல்லு மாதிரி காஞ்சிருக்கு, புல்லுத் தூசி அப்பியிருக்கு. மேல மட்டும் ஈரம். பெல்ட்டு அது மேல ஏறும்போதெல்லாம் எகிறி வெளிய விழுந்திருக்கு. மோந்து பாத்தா. சந்தனம்! திரும்பிப் பாத்தா, நாச்சிமுத்து அண்ணன் விரல் மஞ்சளா இருக்கு.

பவளம் அதை ஸ்க்ரூ டிரைவரால சுரண்டினா, மண்ணெண்ணெய்த் துணியால துடைச்சா, பெல்ட்டை மாட்டினா. கட்டியை உள்ளங்கையில மூடிக்கிட்டு வண்டியில ஏறினா. டுடுடுடுடுடு... மூணு சுத்து, பத்து சுத்து, மைதானம் பூரா பச்சைப் பாய்! செயலாளர் வந்தார். "சரிம்மா, வண்டி இருக்கட்டும், நீயே ஓட்டு"ன்னுட்டு, அங்கயே நின்னு டீ குடிச்சார்.

அப்போ நாச்சிமுத்து அண்ணன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடி வந்தார். கண்ணுல தண்ணி. "பாத்தியா கண்ணு! பூஜையன்னிக்கு எல்லாரும் பெரிய சக்கரத்துக்குத்தான் வச்சீங்க. சின்னது கோவிச்சுக்காதா? எட்டுன ஒண்ணுக்கு நான் வச்சேன். நீ அந்தப் பக்கம் போனப்பல்லாம் திருஷ்டி கழியட்டும்னு இன்னொண்ணு வச்சேன். என் பொட்டுதான் புள்ளையைக் காப்பாத்துச்சு! சாயங்காலம் கெட்டியா அரைச்சு இன்னும் ஒண்ணு வைக்கறேன்"ன்னார்.

"அச்சச்சோ."

கட்டி இன்னும் பவளம் கையிலதான் இருக்கு. கையை விரிச்சுக் காட்டினா அண்ணன் மூஞ்சி வாடிப் போகும். காட்டலைன்னா சாயங்காலம் மறுபடி பொட்டு. கதை அவ்வளவுதான், அது படுக்கப் போயிடுச்சு, நீயும் கண்ணை மூடு. மூடறதுக்கு முன்னாடி இதை மட்டும் சொல்லு. பவளம் கையை விரிக்கட்டுமா, மூடியே வச்சுக்கட்டுமா?

டீ குடிக்கிற அந்த சார் போனதுக்கு அப்புறம், அண்ணனுக்கு மட்டும் விரிக்கட்டும் என்று செண்பா சொன்னாள்.