சாலைக்கு அந்தப் பக்கத்து மண்

"எனக்கு மட்டும் ஏன்க்கா எப்பவும் சுத்தமான மண்ணு?"

கேட்டவன் வேலாயுதம். கேட்டது சுடர்க்கொடியிடம். மண் சோதிக்கும் வேலையை அவளிடம் கற்றுக்கொள்ள வருகிற எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட இரண்டு வயது மூத்த வேலாயுதத்துக்கும்.

அக்கா புதுக் கையுறை ஒரு ஜோடி எடுத்து நீட்டினாள்.

நிலக்கோட்டைப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்க் அது. தரைக்கடியில் இருந்த டேங்க் ஓட்டையாகி, பின்னால் இருந்த மல்லிகைத் தோட்டம் கருகிவிட்டது. தோட்டக்காரி பேச்சியம்மாள் பங்க்காரர்களிடம், கெட்ட மண்ணை அள்ளிவிட்டு நல்ல மண் போட்டுத் தரச் சொன்னாள்.

"எங்க பெட்ரோல் அங்க வரலம்மா. இந்த ஏரியா மண்ணே அப்படித்தான்" என்றார் பங்க் மேலாளர்.

அதைப் பொய்யென்று காட்ட மூன்று இடத்து மண் வேண்டும். டேங்க் இருந்த பள்ளத்து மண். தோட்டத்து மண். பெட்ரோல் எட்டியே பார்த்திராத, சாலைக்கு அந்தப் பக்கத்து மேட்டு மண்.

அந்த மூன்றாவதுதான் வேலாயுதத்துக்கு. பள்ளம் பிரிட்டோவுக்கு.

நேற்று வந்தவன் பிரிட்டோ. அவன் பள்ளத்துக்குள் நின்று கருப்புக் கருப்பாக மண்ணை மேலே தள்ளினான். ஊரே கூடி நின்று படம் எடுத்தது.

"தம்பி, இந்தப் பக்கம் திரும்புப்பா" என்றார் ஒருவர்.

பிரிட்டோ திரும்பிச் சிரித்தான். வேலாயுதத்துக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

பள்ளத்தின் ஓரத்துக்குப் போனான். பிரிட்டோ தள்ளிய கட்டி ஒன்றை எடுத்து உடைத்தான், முகர்ந்தான். 'இதுல என்ன வித்தை இருக்கு? நான் இறங்கியிருந்தா இந்நேரம் முடிச்சிருப்பேன்.'

அதே நினைப்பில் சாலையைக் கடந்தான். அதே கையுறையோடு மேட்டு மண்ணை அள்ளினான்.

மண்ணைப் பையில் போட்டுக் கட்டி, சற்று நேரம் வெயிலில் வைப்பார்கள். பிறகு ஒரு கருவியின் குழலைப் பைக்குள் விடுவார்கள். பெட்ரோல் ஆவி இருந்தால் அது கத்தும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மூக்கு.

மேட்டு மண்ணில் மூக்கு கத்தியது.

மேலாளர் கையைக் கட்டிக்கொண்டார். "நான்தான் சொன்னேனே. ரோட்டுக்கு அந்தாண்டையும் இதே கதைதான்."

பேச்சியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப என் தோட்டம் அவ்வளவுதானா தாயி?"

அக்கா பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலாயுதம் தன் கையுறையைத் திருப்பிப் பார்த்தான். சொன்னால் பிரிட்டோ முன்னால் மானம் போகும். அந்த அம்மா கையால் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மண்ணுல இல்லக்கா" என்றான். "என் கையுறையில இருக்கு. பள்ளத்துக் கட்டியத் தொட்டேன்."

"எதுக்கு?"

"இவன் இறங்கினான்ல, அதான்."

அக்கா அந்தப் பையை ஓரமாக வைத்தாள். "போய்க் கை கழுவு" என்றாள். பிறகு பள்ளத்தைப் பார்த்து, "பிரிட்டோ, மேல வா. மேட்டு மண்ணை நீ எடுத்துட்டு வா."

வந்தது பாருங்கள் வேலாயுதத்துக்குப் பொறாமை. காலையில் வேண்டாமென்று முகம் சுளித்த மண், இப்போது அடுத்தவன் கைக்குப் போகிறதே என்று நெஞ்சு காந்தியது.

பிரிட்டோ அடிபம்பில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தான். மூக்கைக் கையருகே கொண்டுபோனாள் அக்கா. கத்தியது. மறுபடி தேய்த்தான். மறுபடி கத்தியது.

"சட்டை, தலைமுடி எல்லாம் ஏறிப் போச்சுக்கா" என்றான் பிரிட்டோ.

அக்கா மூக்கை வேலாயுதத்தின் ஈரக் கையருகே பிடித்தாள். சத்தமே இல்லை.

வேலாயுதம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "வேணாம்க்கா. நான் கெடுத்தவன்."

"அண்ணே, நீங்க போகலேன்னா நான் காலையில இருந்து தோண்டினது வெறும் பள்ளம்ணே" என்றான் பிரிட்டோ. "கிளம்புங்க. அந்தம்மா மொகத்தப் பாக்க முடியல."

வேலாயுதம் புதுக் கையுறையோடு போனான். வேறெங்கும் நிற்காமல் வந்தான்.

இந்த முறை மேட்டு மண்ணில் மூக்கு வாய் திறக்கவில்லை. பேச்சியம்மாள் தோட்டத்துப் பையில் விட்டார்கள். காது கிழியக் கத்தியது.

மேலாளர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிழல் பக்கம் ஒதுங்கினார். பேச்சியம்மாள் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள்.

சாமான்களைக் கட்டும்போது வேலாயுதம் கேட்டான்.

"நாளைக்கு நான் பள்ளத்துல இறங்கட்டுமாக்கா?"

"ஏன்?"

வேலாயுதம் பிரிட்டோவைப் பார்த்தான். தேய்த்துத் தேய்த்து முழங்கை வரை தோல் சிவந்து தடித்திருந்தது.

"அவன் கை ஆறட்டும்."

அக்கா தன் பூட்ஸைக் கழற்றி அவன் பக்கம் தள்ளினாள்.