இருட்டுத் திரையின் திறப்பு விழா

பனையடிக்குறிச்சியில் அறிவாளிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் வாசகர் மன்ற நிர்வாகத்திலேயே இருந்துவிட்டதால் ஊரின் மற்ற காரியங்கள் ஒழுங்காக நடந்தன.

மன்றத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் பேச்சு வந்தபோது, கடையில் பூட்டித் தருவதை வாங்குவது கேவலம், உதிரியாக வாங்கி நானே பூட்டிவிடுவேன் என்றார் செயலாளர் பூபாலன். திறப்பு விழாவில் படம் தெரியாவிட்டால் பதவி விலகுவேன் என்றும் சொன்னார். அப்படிச் சொல்லும்படி யாரும் அவரைக் கேட்கவில்லை. பேச்சு வேகத்தில் வந்துவிட்டது. மன்ற வழக்கப்படி அது தீர்மானமாகி, அவர் கையாலேயே குறிப்பேட்டில் ஏறியது. பதினான்கு வருடப் பதவி. அது போனால் வீட்டு வாசல் பலகையில் வெறும் பெயர்தான் மிஞ்சும்.

விழா அன்று காலையில் பூட்டி முடித்தார். நாலு மணிக்குப் பேரூராட்சித் தலைவி மரகதம் வந்து திறந்துவைக்க வேண்டும். பொத்தானை அமுக்கியதும் உள்ளே விசிறி சுற்றியது. சிவப்பு விளக்கு எரிந்தது. திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருந்தது.

தென்காசியில் பாகங்களை விற்ற ரபீக்கைப் போனில் பிடித்தார்கள். அன்று காலை வரை அவர் பொறுமைசாலி.

"பதறாதீங்க அண்ணாச்சி. அவசியமில்லாததை எல்லாம் கழட்டிருங்க. அவசியமானது மட்டும் இருக்கட்டும். அப்புறம் போட்டுப் பாருங்க."

எது அவசியமில்லை என்பதை மன்றம் கூடி முடிவு செய்தது. ஓட்டுக்கு விடாமல் அங்கே ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. முதலில் உள்ளே இருந்த விசிறி போயிற்று. உத்தரத்தில்தான் ஒன்று ஓடுகிறதே என்றார் பொருளாளர் சோலையப்பன். விசிறிக்கு அடியில் ஒரு சதுரத் தகடு இருந்தது. இத்தனை நேரம் ஒளிந்துகொண்டிருந்தது அவசியமான பொருளாக இருக்க முடியாது என்று அதையும் நீக்கினார்கள். அடுத்து மெமரி என்ற பச்சைப் பட்டை.

"இது எதுக்கு?" என்று கேட்டார் தலைவர் ஞானசிகாமணி.

"ஞாபகம் வச்சுக்கிறதுக்கு, தலைவரே," என்றார் பூபாலன்.

"அதுக்குத்தான் குறிப்பேடு இருக்கே. நம்ம செயலாளர் கையெழுத்துக்கு என்ன குறைச்சல்?"

மூன்றுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் மெமரி வெளியேறியது. பூபாலனும் கை தூக்கினார். கையெழுத்தைப் பாராட்டிய மனிதரை எதிர்த்து ஓட்டுப் போடுவது முறையாகப் படவில்லை.

திரை மாறவில்லை. மறுபடியும் ரபீக்.

"அப்ப பேட்டரியைக் கழட்டிட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க."

அந்த அறையில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே பேட்டரி சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. சோலையப்பன் நாற்காலியில் ஏறி அதைக் கழற்றினார். மணி பதினொன்று பத்து. ஐந்து நிமிடம் ஆகட்டும் என்று மூவரும் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

வெகுநேரம் உட்கார்ந்தார்கள். சாப்பாடு வரவழைத்துச் சாப்பிட்டார்கள். ஆளுக்கொரு குட்டித் தூக்கமும் போட்டார்கள்.

"ஆச்சா?" என்றார் தலைவர்.

"இன்னும் ஒரு நிமிஷம்கூட ஆகலை. எதிர்பார்த்து உட்கார்ந்தா நேரம் இப்படித்தான் இழுக்கும்," என்றார் சோலையப்பன்.

பூபாலனுக்கு ஆறுதலாக இருந்தது. இந்த வேகத்தில் போனால் நாலு மணி ஆவதற்குள் இன்னொரு கம்ப்யூட்டரே பூட்டிவிடலாம்.

தெருவில் மேளச் சத்தம் கேட்டது. கழுத்தில் மாலையோடு மரகதம் வந்துகொண்டிருந்தார். பின்னால் நாற்பது பேர்.

"பதினொண்ணு பத்துக்கே வந்துட்டாங்களே," என்று தலைவர் வருத்தப்பட்டார். "சொன்ன நேரத்துக்கு வர்ற பழக்கமே இந்த ஊர்ல கிடையாது."

பூபாலன் ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுத ஆரம்பித்தார். முதல் வரியிலேயே ஒரு பிழை வந்தது. அதற்குள் மரகதம் ரிப்பனை வெட்டி, பொத்தானை அமுக்கி, திரைக்கு முன்னால் குனிந்துவிட்டார். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"என்னை எப்பய்யா படம் பிடிச்சீங்க?"

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். உண்மைதான். கறுத்த கண்ணாடிக்குள் மாலையோடு மரகதம் இருந்தார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். நடுவில் நின்ற ஆளின் முழியைப் பார்த்த பூபாலனுக்கு, இவனையெல்லாம் எந்த மன்றத்திலும் செயலாளராக வைக்கக் கூடாது என்று தோன்றியது. இருந்தாலும் படம் படம்தான். கூட்டம் கை தட்டியது. பதவி தப்பியது.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போயிற்று. உத்தரத்து மின்விசிறி நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. பூபாலன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது திரையில் மரகதம் அப்படியே இருந்தார். மாலைகூட வாடவில்லை.

அன்று மூன்றுக்குப் பூஜ்யத்தில் நிறைவேறி, பூபாலனின் நல்ல கையெழுத்தில் குறிப்பேட்டில் ஏறிய தீர்மானம் இது: நமது கம்ப்யூட்டர் மின்சாரமில்லாமலே ஓடுவதால், அவசியமற்றுப்போன கரண்ட் வயர் கழற்றப்படுகிறது. நேரம், காலை பதினொன்று பத்து.