இடிக்கோட்டுக்கு ஒரு கையெழுத்து

“என் பாறையில அவன் பேர் நிக்குது, ஆசான்” என்றான் பொன்னுரங்கம்.

அலங்காரம் கயிற்றைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நேத்தும் நின்னுச்சு” என்றாள்.

“நேத்தும் சொன்னேன்.”

“முந்தாநாளும் சொன்னீங்க. இந்த முனையைப் பிடிங்க அண்ணே.”

பிடித்தான்.

பொன்னுரங்கத்துக்கு அறுபது வயது. அவளுக்கு நாற்பத்து மூன்று. வயதில் மூத்தவனை அவள் அண்ணே என்பாள். பாறையில் மூத்தவளை அவன் ஆசான் என்பான்.

ஆந்தைக்குன்றின் தெற்கு முகத்தில், அடியிலிருந்து உச்சி வரை ஒரே வெடிப்பு. முந்நூறு அடி. இடி விழுந்து கிழித்தது என்பார்கள். இடிக்கோடு என்றே அதற்குப் பெயர்.

வெடிப்பின் காலடியில் மலையேறுவோர் சங்கம் ஒரு பலகை நட்டிருந்தது. ‘ஞானசிகாமணி வழி. முதலில் ஏறியவர்: ஞானசிகாமணி.’

முதலில் ஏறியவன் பொன்னுரங்கம்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் நகரத்திலிருந்து ஞானசிகாமணியும் நாலு பேரும் வந்து கூடாரம் அடித்தார்கள். வெளிநாட்டுக் கயிறு, வெளிநாட்டுச் செருப்பு. பன்னிரண்டு நாள் ஏறினார்கள், பன்னிரண்டு நாளும் பாதியில் இறங்கினார்கள். கல்குவாரியில் வேலை பார்த்த பொன்னுரங்கம்தான் அவர்களுக்குத் தண்ணீர் சுமந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பிரியாணி சாப்பிட டவுனுக்குப் போனார்கள். பொன்னுரங்கமும் அவன் மச்சான் சடையப்பனும் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு இடிக்கோட்டில் ஏறிவிட்டார்கள்.

கயிறு மாட்டப் பாறையில் ஆணி அடிக்கவில்லை. கயிற்றுத் துண்டில் பெரிய முடிச்சாகப் போட்டு, வெடிப்பு அகன்ற இடத்தில் நுழைத்துக் கீழே இழுத்தால் ஒடுங்கிய இடத்தில் அது சிக்கிக்கொள்ளும். அதன் வழியாக இடுப்புக் கயிறு போகும். முன்னால் போகிறவன் விழுந்தால் முடிச்சு தாங்கும். பின்னால் வருகிறவன் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வர வேண்டும். அதுதான் முறை. சடையப்பன் ஒன்று விடாமல் உருவினான்.

அதனால் பாறையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை சொன்னபோது சிரித்தார்கள். “அடையாளம் என்னப்பா?” என்றான் ஞானசிகாமணி.

ரோஷத்தில் பொன்னுரங்கம் உளறிவிட்டான். “வயிறு மாதிரி துருத்துற இடத்துல, இடது கையை உள்ள விட்டுப் பாரு. கண்ணுக்குத் தெரியாத ஒரு பிடி இருக்கு.”

மறுநாள் ஞானசிகாமணி அந்தப் பிடியைப் பிடித்து உச்சிக்குப் போனான். அடுத்த மாதம் பலகை வந்தது. அடுத்த வருஷம் சடையப்பன் காமாலையில் போய்ச் சேர்ந்தான். இருந்த ஒரு சாட்சியும் இல்லை. அதன் பிறகு பொன்னுரங்கம் பாறையைத் தொடவில்லை. கோபத்தை விடவும் இல்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால்தான், சாவதற்குள் இன்னொரு தடவை முன்னால் ஏறிவிட வேண்டும் என்று அலங்காரத்திடம் வந்தான். சுற்று வட்டாரத்தில் ஆணி அடிக்காமல் ஏறுகிறவள் அவள் ஒருத்திதான்.

இன்று அவனிடம் புதுச் செய்தி இருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான்.

“சங்கத்துல இருந்து வந்திருக்கு. இடிக்கோட்டுல முப்பது ஆணி அடிக்கப் போறாங்களாம். சனி ஞாயிறு வர்றவங்களுக்குப் பாதுகாப்பாம். நான் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டா, பலகையில அவன் பேரை எடுத்துட்டு என் பேரை எழுதுவாங்களாம்.”

“உங்க கையெழுத்து அவங்களுக்கு எதுக்கு?”

“அடியில நின்னு கத்துவேன்னு பயம். வாயை அடைக்கப் பாக்குறாங்க.”

“கேட்டது கிடைக்குது. போட்டுடுங்க.”

“முப்பது ஆணி, ஆசான்!”

“பேரைப் பெரிசா எழுதச் சொல்லுங்க. ஆணியைத் தாண்டித் தெரியணும்ல.”

“கிண்டல் பண்ணாதீங்க. மத்தியானம் செயலாளர் வர்றார். போடவா, வேண்டாமா?”

அவள் கயிற்றுச் சுருளைத் தூக்கி அவன் மடியில் போட்டாள்.

“நீங்க முன்னால ஏறுங்க. நான் பின்னால வர்றேன்.”

இந்த நாலு வருஷத்தில் இடிக்கோட்டில் அவள் அவனை முன்னால் விட்டதே இல்லை.

ஏறினான். கையை வெடிப்புக்குள் செருகி, மூடி, இறுக்கி, உடம்பைத் தூக்கினான். முடிச்சு வைத்தான். ஏறினான். காலையில் ஏறிய வெயில் முதுகில் உட்கார்ந்துகொண்டு கூடவே வந்தது.

இருநூறு அடியில் பாறையின் வயிறு வந்தது.

“ஆசான், கால் நடுங்குது.”

“பாறை நடுங்குதா?” கீழிருந்து குரல் வந்தது.

“இல்ல.”

“அப்ப சரி.”

“கடைசி முடிச்சு பத்தடி கீழ கிடக்கு. இங்க ஒரு ஆணி இருந்தா...”

“இருந்தா?”

“மாட்டிட்டு மூச்சு விடுவேன்.”

“விட்டுட்டு?”

அவன் யோசித்தான். மூக்கு நுனியில் நின்ற வியர்வை பாறையில் சொட்டியது.

“விட்டுட்டு, அந்த ஆணியையே பிடிச்சு மேல போயிடுவேன்.”

“இறங்கணும்னா இறங்குங்க அண்ணே. வெக்கமில்ல. நானே இந்த இடத்துல இருந்து ஆறு தடவை இறங்கியிருக்கேன்” என்றாள்.

“அன்னிக்கு நான் இறங்கல!”

“அதை யார் பாத்தா? பொய்யாக்கூட இருக்கும்.”

“எவடி பொய்னு சொன்னது?”

நாலு வருஷத்தில் முதல் தடவையாக ஆசானை ‘டி’ போட்டான். போட்ட வேகத்தில் இடது கை உள்ளே போய்விட்டது. பிடி இருந்தது. இழுத்துக்கொண்டு மேலே போனான்.

உச்சியில் அவன் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது அலங்காரம் வந்து சேர்ந்தாள். உருவிய முடிச்சுகளை இடுப்பிலிருந்து கழற்றி அவன் முன்னால் போட்டாள்.

“‘டி’ போட்டதுக்கு...” என்று இழுத்தான்.

“பிடி கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“அப்புறம் என்ன?”

பொன்னுரங்கம் விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்தான். போன வாரம் புனேயிலிருந்து மூன்று பேர் வந்து இதில் ஏறினார்கள். போன வருஷம் ஒரு ஜப்பான்காரி ரயில் பிடித்து, பஸ் பிடித்து, இந்த ஒரு வெடிப்புக்காக வந்தாள். எத்தனையோ பேர். இப்போது அவன். வெடிப்பு ஒருத்தரும் தொடாதது மாதிரி வெறுமையாகக் கிடந்தது.

“இப்ப சொல்லுங்க ஆசான். கையெழுத்துப் போடவா?”

“எனக்குப் பசிக்குது” என்று அவள் எழுந்தாள்.

பின்பக்கத்து ஆட்டுத்தடம் வழியாக இறங்கினார்கள். பலகைக்குப் பக்கத்தில் ஜீப் நின்றது. சங்கச் செயலாளர் பிரான்சிஸ் கையில் கோப்போடு காத்திருந்தார்.

“வாங்கய்யா. உங்க பேர்ல பலகைக்கு டிசைன்கூட ரெடி. ஒரு கையெழுத்துதான் பாக்கி.”

அலங்காரம் பலகையின் நிழலில் உட்கார்ந்து தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்தாள்.

“இந்தப் பலகையில இருக்கிறது அவன் பேரு. அவன்கிட்ட வாங்க வேண்டியதுதானே?” என்றான் பொன்னுரங்கம்.

பிரான்சிஸ் கோப்பைப் புரட்டினார். புரட்ட ஒன்றும் இல்லாதபோதும் புரட்டினார்.

“அவர்கிட்டதாங்க முதல்ல போனோம். பழைய வழியில ஆணி அடிக்கணும்னா முதல்ல ஏறினவர் சம்மதம் வேணும். சங்கத்து விதி.”

“போட்டானா?”

“போடல. ‘அந்த உரிமை எனக்கு இல்ல, பொன்னுரங்கத்தைக் கேளுங்க’ன்னு எழுதி அனுப்பிட்டார்.”

பொன்னுரங்கம் பலகையைத் திரும்பிப் பார்த்தான்.

“எப்ப எழுதினான்?”

“போன மாசம்.”

“முப்பத்தாறு வருஷம் கழிச்சு.”

“அவருக்கும் வயசாயிடுச்சுல்லங்க.”

“எனக்கு மட்டும் பதினெட்டு நடக்குதா?”

அலங்காரம் சோற்றை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தாள். அவளுக்குப் புரையேறியது.

பொன்னுரங்கம் கோப்பை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான். இரண்டு கட்டங்கள். ஒன்றில் சம்மதம், இன்னொன்றில் சம்மதமில்லை. கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் ‘முதலில் ஏறியவர்’ என்று அச்சடித்திருந்தது.

“என் கையெழுத்து இந்தக் கோட்டு மேலயா?”

“ஆமாங்க.”

“எந்தக் கட்டத்துல குறி போட்டாலும் இதே இடந்தானா?”

பிரான்சிஸுக்கு இப்போதுதான் உறைத்தது. “விதிப்படி... இதே இடந்தாங்க.”

“இதைச் சங்கத்துல பத்திரமா வெப்பீங்களா?”

“வெச்சுத்தான் ஆகணும்.”

பொன்னுரங்கம் ஆசானைப் பார்த்தான். அவள் விரலில் ஒட்டிய ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்தாள்.

பேனாவைக் கேட்டு வாங்கினான். சம்மதமில்லை என்ற கட்டத்தில் காகிதம் கிழிகிற மாதிரி குறி போட்டான். கோட்டின் மேல், இடமிருந்து வலம் முழுக்க அடைத்துக்கொண்டு, முழுப் பெயரையும் எழுதினான்.

“ஐயா, இனி கமிட்டி பலகையை மாத்தாது. நஷ்டம் உங்களுக்குத்தான்.”

“அவன் பேரே இருக்கட்டும். தினமும் பாத்துட்டுப் போறேன்.”

“போன மழைக்கு ரெண்டு பேர் விழுந்து கால் ஒடிச்சுக்கிட்டாங்க. அடுத்து வர்றவங்களுக்கு நான் என்ன சொல்றது?”

“பாதியில இறங்கலாம்னு சொல்லுங்க. எங்க ஆசானே ஆறு தடவை இறங்கினவங்க.”

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அலங்காரம் டப்பாவை அவன் பக்கம் தள்ளினாள்.

“ஒத்துக்கிட்டானே அண்ணே. இனி அவன் மேல கோபம் இல்லல்ல?”

“எழுதி அனுப்பிட்டா ஆச்சா?” என்றான் பொன்னுரங்கம். “நேர்ல வரட்டும். நான் முன்னால ஏறுறேன். பின்னால வந்து என் முடிச்சை ஒவ்வொண்ணா உருவட்டும். அப்புறம் யோசிக்கிறேன்.”