வகுப்புக்கு வந்த எல்லோரும் பாஸ்

கல்லூரியில் தர்க்கவியல் நடத்தத் தற்காலிகமாக வந்தவள் ஞானசௌந்தரி. ஆய்வுக்குழு வருகிறதென்று முதல்வர், அவளிடம் படிக்க வேண்டிய கணித மாணவர்கள் முப்பது பேரையும் பருவம் முழுக்கக் கல்லூரிச் சுவர்களுக்கு வெள்ளையடிக்க அனுப்பிவிட்டார். கடைசியில் அவளைக் கூப்பிட்டு, "வகுப்புக்கு வந்த எல்லோரும் பாஸ்னு எழுதிக் கொடும்மா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே," என்று உறுமினார்.

அவளும் ஓர் எழுத்து மாற்றாமல் எழுதிக் கொடுத்தாள்.

ஆய்வுக்கு வந்த குழுத் தலைவர் அதைப் படித்துப் பூரித்துப்போய், "எத்தனை பேர் வந்தாங்கம்மா?" என்றார்.

"ஒருத்தர்கூட வரலைங்க சார். எல்லாரும் வெள்ளையடிச்சாங்க."

முதல்வர் எகிறினார். "அப்ப நீ எழுதினது பொய்!"

"பொய்யின்னா, வகுப்புக்கு வந்து ஃபெயிலான ஒருத்தரைக் காட்டுங்க சார்."

அவள் வேலை அன்றைக்கே போயிற்று. வகுப்புக்கு வந்திருந்தால் அந்தப் பதிலைப் புரிந்துகொண்டிருக்கக்கூடிய முப்பது பேரும் ஜன்னலுக்கு வெளியே பிரஷ்ஷும் கையுமாக நின்று, "மேடம் எதுக்குடா பொய் எழுதினாங்க?" என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.