தண்ணீர் படாத படகு

உப்பங்கழி ஓரத்தில் ஏரிக்குப்பம் என்று ஒரு ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்லக்கூடாது. இருந்தது. எடுத்துச் செலவழிக்கத்தான் யாருக்கும் மனசு வரவில்லை.

அங்கே தேசிங்கு என்று ஒருத்தன். வயது முப்பத்தொன்று. கழிக்கு அக்கரையில் இருக்கிற ஆளவந்தாரின் மகள் அமுதவல்லியை அவனுக்குப் பேசியிருந்தார்கள். ஆளவந்தார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"சொந்தப் படகு இல்லாதவனுக்குப் பொண்ணு கெடையாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறதுக்குள்ள உன் படகை நான் பாக்கணும். இல்லன்னா என் அக்கா மகனுக்குக் குடுத்துடுவேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் தேசிங்கும், அண்ணன் எத்திராசும், அக்கா புருஷன் வரதனும் படகு வாங்க ஆசாரியின் கொட்டகைக்குப் போனார்கள். சின்னப் படகு, பளபளவென்று நின்றது. அங்கிருந்து பார்த்தால் அக்கரையில் அமுதவல்லி வீட்டுக் கொடியில் காயும் துணிகூடத் தெரியும். துடுப்புப் போட்டால் கால் மணி நேரம்.

"காலையிலதான் தார் பூசினேன். ரெண்டு நாளைக்குத் தண்ணியில எறக்கிடாதீங்க" என்றார் ஆசாரி.

ஆளவந்தாரின் அக்கா மகன் முகம் தேசிங்கின் கண் முன்னால் வந்து போனது.

"கவலைப்படாத மாப்ள. நம்ம கார் எதுக்கு இருக்கு?" என்றான் வரதன்.

அந்தக் காரைப் பார்த்தால், படகை அதன் மேலே ஏற்றுவதா, அதைத் தூக்கிப் படகுக்குள்ளே வைப்பதா என்று யாருக்கும் சந்தேகம் வரும். ரோட்டு வழியாகச் சுற்றிப்போக நாற்பது கிலோமீட்டர்.

"அப்படின்னா அசையாம இறுக்கிக் கட்டுங்க. பின்னால நீட்டிக்கிட்டு இருக்கிற எடத்துல செவப்பா ஏதாச்சும் தெரியணும்" என்று சொல்லிவிட்டு ஆசாரி சாப்பிடப் போனார். அவர் அப்படிப் போயிருக்கக்கூடாது.

மூன்று பேரும் படகைக் கார் மேல் ஏற்றிவிட்டு யோசித்தார்கள்.

"அசையாத பொருளோட சேத்துக் கட்டினாத்தான் அசையாது" என்றான் எத்திராசு.

பக்கத்தில் அசையாத பொருள் ஒரு தென்னை மரம். படகு, கார், தென்னை மரம் மூன்றையும் சேர்த்துக் கட்டினார்கள். வரதன் வண்டியை எடுத்தான். கார் உறுமியது, புகை விட்டது, இருந்த இடத்திலேயே நின்றது.

"பாத்தியா? ஆசாரி சொன்ன மாதிரியே துளிகூட அசையல" என்றான் வரதன்.

மூவருக்கும் ரொம்பப் பெருமையாக இருந்தது. கார் நகரவும் வேண்டும் என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் தேசிங்குக்கு ஞாபகம் வந்தது.

வரதன் இறங்கினான். மரத்தை அவிழ்த்துவிட்டு, நாலு கதவையும் சாத்தி, படகையும் காரையும் ஏழு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார்கள். பிறகுதான் உள்ளே ஏறவேண்டிய மூணு பேரும் வெளியே நிற்பது தெரிந்தது. வரதன் ஜன்னல் வழியாகத் தலையைக் கொடுத்தான். தலை போனது. தொப்பை வர மறுத்தது. மற்ற ரெண்டு பேரும் காலைப் பிடித்துத் தள்ளி, நெல்லு மூட்டையைப் போல உள்ளே போட்டார்கள்.

அடுத்தது சிவப்பு. பெண் வீட்டுக்குப் போகிறோமே என்று தேசிங்கு புதுச் சிவப்புச் சட்டை போட்டிருந்தான்.

"கழட்டித் தரட்டுமாண்ணே?"

"மாப்பிள்ள வெறும் ஒடம்போட போறதா? நம்ம மானம் என்னத்துக்கு ஆவுறது?" என்று எத்திராசு அதட்டினான்.

அதனால் சட்டையைக் கழற்றாமல், மாப்பிள்ளையையே படகின் பின்முனையில் உட்கார வைத்துக் கட்டிவிட்டு, அவனும் ஜன்னல் வழியாகக் காருக்குள் நுழைந்தான்.

கார் கிளம்பியது. தேசிங்கு பின்பக்கம் பார்த்தபடியே போனான். அமுதவல்லி வீடு சின்னதாகி, கொடியில் இருந்த துணி புள்ளியாகி, அதுவும் மறைந்தது. அவளை நோக்கித்தான் போகிறோம் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை.

பாதி வழியில் மழை பிடித்தது. படகுக்குள் தண்ணீர் தேங்கி அவன் இடுப்பு வரைக்கும் ஏறியது.

"அண்ணே! தண்ணி படக்கூடாதுன்னாரே!"

ஜன்னலுக்குள்ளிருந்து எத்திராசு நிதானமாகச் சொன்னான். "படகுதான் தண்ணியில எறங்கக்கூடாது. தண்ணி படகுல எறங்கக்கூடாதுன்னு அவர் சொல்லவேயில்ல. சும்மா உக்காரு."

நியாயமாகத்தான் பட்டது. தேசிங்கு சும்மா உட்கார்ந்தான்.

ஆளவந்தார் ஊரின் தரைப்பாலத்துக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. பாலத்தின் மேல் மார்பளவு வெள்ளம். அந்தப் பக்கம் ஆளவந்தாரும் அமுதவல்லியும் நின்றிருந்தார்கள்.

"மாமா! படகு வந்துடுச்சு! தண்ணிதான் குறுக்க நிக்குது!" என்று கத்தினான் தேசிங்கு.

"இருங்க மாப்ள! எங்க படகை எடுத்துக்கிட்டு வந்து கூட்டிப் போறோம்!"

கொஞ்ச நேரத்தில் வந்தார்கள். அப்பாவும் மகளும் மார்பளவு தண்ணீரில் நனைந்து, தலைக்கு மேலே படகைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளத்துக்குள் நடந்தே வந்தார்கள்.

"ஏன் மாமா தூக்கிட்டு வர்றீங்க?"

"நேத்துதான் தார் பூசினோம். நனைஞ்சா என்னாகறது?"

அமுதவல்லி மூச்சு வாங்கியபடி மேலே பார்த்தாள். "அங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

"நான் செவப்புத் துணி" என்றான் தேசிங்கு வெட்கத்தோடு.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "இவ்வளவு பொறுப்பான ஆளு வேற எங்கப்பா கெடைப்பாரு? அத்தை மகன் படகை நேரா தண்ணியிலயே விடுவாரு."

ஆளவந்தாருக்குக் கண் கலங்கிவிட்டது. விளக்கு வைக்கிறதுக்கு முன்னால், அந்த ரோட்டோரத்திலேயே சம்பந்தம் முடிவானது.

இனி எல்லாரும் அக்கரைக்குப் போய் விருந்து சாப்பிடவேண்டும். ரெண்டு படகுக்கும் நடுவே உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்தார்கள். கடைசியில் எத்திராசுதான் வழி கண்டுபிடித்து ஆசாரிக்குப் போன் போட்டான்.

"ஆசாரி, அவசரமா இன்னொரு படகு வேணும். தார் மட்டும் பூசிடாதீங்க."