பதினோரு சிவப்புத் திருத்தங்கள்

கதையைக் கேட்டுவிட்டு "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்டி எழுந்து போகிறவர்களை எனக்குப் பிடிக்காது. கேட்டால் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

சென்னையில் ஒரு கணினி அலுவலகத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தவர் பரிதி. விருத்தாசலத்தில் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அஞ்சுகத்தின் ஒரே பிள்ளை. ஊரார் பரிதியை ஆண்பிள்ளை என்றுதான் அறிவார்கள். பரிதியோ தன்னை ஆணாகவும் உணரவில்லை, பெண்ணாகவும் உணரவில்லை. தமிழில் 'அவர்' என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். அலுவலகத்தில் பேச்சும் கடிதமும் ஆங்கிலம். அங்கே ஆணென்றால் 'ஹி', பெண்ணென்றால் 'ஷி' என்று வாயெடுத்ததுமே பிரித்துவிடுவார்கள். சேர்ந்த மறு மாதமே பரிதி எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொண்டார்: "என்னை 'தே'ன்னே சொல்லுங்க. எனக்கு அதுதான் பொருந்துது." ஆங்கிலத்தில் 'அவர்கள்' என்ற பன்மைச் சொல் அது; ஆணா பெண்ணா என்று காட்டாது.

கொஞ்ச நாள் எல்லோருக்கும் நாக்குக் குழறியது. 'ஹி' என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'தே' என்று முடிப்பார்கள். பிறகு பழகிவிட்டது. பரிதி இன்னும் சாப்பிட வரவில்லை, பரிதிக்குக் காப்பியில் சர்க்கரை கூடாது, பரிதி திங்கட்கிழமை லீவு, எல்லாவற்றுக்கும் 'தே' தான். யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அப்படி நினைக்காமல் இருந்ததுதான் பரிதிக்குப் பெரிய நிம்மதி.

அம்மாவுக்கு மட்டும் தெரியாது. இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் பஸ் ஏறுவார். அம்மா "வாடா தம்பி" என்று சோற்றைப் போட்டதும் வாய் அடைத்துவிடும். பக்கத்து இருக்கைத் தோழி ரெஹானாவிடம் ஒரு நாள் சொன்னார்: "அம்மாகிட்ட நான்தான் சொல்லணும். அதுவரைக்கும் நீ வாயைத் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணு." அவளும் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

ஐப்பசியில் டெங்கு வந்தது. ஐந்தே நாள். பரிதிக்கு வயது முப்பத்தொன்று.

பதினாறாம் நாள் ஊரில் படத்திறப்பு. அலுவலகத்தின் சார்பில் மேலாளர் ஆக்னஸ் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இரங்கல் கடிதம் எழுதினார். தினமும் எப்படிப் பேசினாரோ அப்படியே, 'தே' என்று. கொண்டுபோக வேண்டிய ரெஹானா தயங்கினாள்.

"வீட்டுக்குத் தெரியாது மேடம்."

"பரிதி நம்மகிட்ட கேட்டது இது ஒண்ணுதானே ரெஹானா. செத்ததும் அதைப் பிடுங்கிக்க என்னால முடியாது" என்றார் ஆக்னஸ்.

விருத்தாசலத்தில் கடிதத்தை வாங்கிப் படித்தவர் அஞ்சுகத்தின் அண்ணன் தணிகாசலம். முப்பது வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற வாத்தியார். படித்ததும் அவர் முகம் சிறுத்துப்போனது. "ஒத்தை ஆளைப் பத்தி எழுதறதுக்குப் பன்மை போட்டிருக்காங்க. என் மருமகன் படத்துக்கு முன்னால இதை எப்படிப் படிப்பேன்?" என்று சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். பதினோரு இடம். பதினொன்றிலும் 'தே'யை அடித்து 'ஹி' என்று எழுதினார். புதுத் தாளில் முத்து முத்தாகப் பிரதி எடுத்து, அதைத்தான் சபையில் படித்தார். படித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அஞ்சுகம் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ரெஹானாவிடம் வந்தார். ஒன்றைக் கண்ணாடி போட்டுப் படத்துக்குக் கீழே மாட்ட வேண்டுமாம். காலத்துக்கும் பார்த்துக்கொண்டிருக்கப் போவது அதைத்தான்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது கண்ணு. சமையல்தான் தெரியும். ஒரு நாள் உப்பு கூடிப்போனா கைத்தப்புன்னு விட்டுடலாம். பதினோரு நாளும் அதே அளவு கூடினா, சாப்பிடறவங்க கேட்டுத்தான் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். அண்ணன் அடிச்சது பூரா ஒரே சொல்லு. நெசமாவே அது தப்பா?"

ரெஹானா இரண்டு தாளையும் வாங்கிப் பார்த்தாள். சொன்னால், பரிதி தன் வாயால் சொல்ல ஏங்கியதை இவள் வாய் பறித்துக்கொள்ளும். சொல்லாவிட்டால், தன் பிள்ளை யாரென்று பெற்றவளுக்குக் கடைசிவரை தெரியாது.

"ஆமாம்மா. தப்புதான். மாமா எழுதினதையே மாட்டுங்க."

அஞ்சுகம் தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அப்ப இது எனக்கு எதுக்கு" என்று சிவப்புக் கோடு போட்ட தாளை அவளிடமே கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனார்.

இப்போது சொல்லுங்கள். வீட்டுக்குத் தெரியாது என்று அறிந்தும் ஆக்னஸ் எழுதினாரே, அது சரியா? தணிகாசலம் திருத்தியது சரியா? இல்லை, வாக்கைக் காப்பதற்காகப் பொய் சொன்னாளே ரெஹானா, அவள் செய்ததுதான் சரியா?

விடை: ஆக்னஸ் செய்தது சரி. வாத்தியார் அறியாமல் செய்தார், அவரை விட்டுவிடுங்கள். ரெஹானா செய்தது தவறு. வாக்கைக் காத்ததாக அவள் நினைத்தாள், காக்கவில்லை. பரிதி வாங்கியது வாயைத் திறக்கமாட்டேன் என்ற சத்தியம். அவள் வாயைத் திறந்தாள். திறந்து, பரிதி ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய ஒரே சொல்லைத் தப்பு என்றாள். "அதைப் பரிதிதான் சொல்லணும்மா, ரெண்டையும் வச்சுக்கோங்க" என்றிருந்தால் போதும். பாதி வழி தானே நடந்து வந்த தாய், மீதி வழியும் வந்திருப்பார். உட்கார்ந்த இடத்தில் இருந்து இப்படிச் சொல்வது எனக்குச் சுலபம். அழுது வீங்கிய அந்தக் கண்களுக்கு எதிரே நின்றிருந்தால் நானும் பொய்தான் சொல்லியிருப்பேன். இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. அஞ்சுகம் நல்லபடியாக இருக்கிறார். விருத்தாசலத்துக்குத் தினமும் ரயில் இருக்கிறது. தாள் இன்னும் ரெஹானாவிடம்தான் இருக்கிறது.