மகாராஜா கேட்ட தனி சர்வர்

பூவாணிக்கோட்டை ராஜாவுக்கு ராஜ்ஜியம் போய் மூன்று தலைமுறை ஆகிறது. ஆனால் அரண்மனை இருக்கிறது. கோயில் அறங்காவலர் பதவி இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் தர்பார் மண்டபத்தில் சபை கூடுவதும் நிற்கவில்லை. ஊர் இன்றும் அவரை மகாராஜா என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் மகாராஜாவாகவே திரும்பிப் பார்ப்பார்.

அந்த வருஷம் ஆனித் தேருக்கு வடம் பிடிக்க வருகிறவர்கள் கோயில் வெப்சைட்டில் பெயர் பதிய வேண்டும் என்று ஏற்பாடு. பதிவு திறந்த பத்தாவது நிமிஷம் வெப்சைட் படுத்துவிட்டது. வெளியூர் பக்தர்கள் போனில் பிடித்து உலுக்கிவிட்டார்கள். மகாராஜாவுக்குத் தலைகுனிவாகப் போயிற்று.

வெப்சைட்டைக் கவனித்துக்கொண்டவள் அரண்மனைக் காரியதரிசி தாட்சாயணி. என்ன நடந்தது என்று சபையில் அவளைக் கேட்டார்கள். நம்முடைய வெப்சைட் இருப்பது ஷேர்டு ஹோஸ்டிங்கில், ஒரே சர்வரில் இருநூறு வெப்சைட்டுகள் ஒன்றாகக் குடியிருக்கின்றன, அதில் ஒன்று கிரிக்கெட் ஸ்கோர் சொல்வது, அன்றைக்குப் பார்த்து மேட்ச், வந்த கூட்டம் சர்வரின் மூச்சையே அடைத்துவிட்டது என்றாள்.

"அப்படியானால் நாம் சத்திரத்திலா படுத்திருக்கிறோம்?" என்றார் மகாராஜா.

"ஆமாம், மகாராஜா."

திவான் சௌந்தரபாண்டியன் இதற்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார். அவர் ராணியின் தம்பி. ஒரு முழு சர்வர் இயந்திரத்தையே விலைக்கு வாங்கி அரண்மனையில் வைத்துவிடலாம் என்றார். அதை விற்பவர் அவருடைய சிநேகிதர் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். தாட்சாயணி மெதுவாக மறுத்தாள். நம் வெப்சைட்டுக்கு முழு சர்வர் என்பது நாலு பேர் சாப்பிடக் கல்யாண மண்டபம் பிடிப்பது மாதிரி என்றாள்.

மகாராஜா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உத்தரவு போட்டார்.

"எனக்குத் தனி வீடு வேண்டும். தனி இயந்திரம் வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமை பதிவு திறக்க வேண்டும். முடியாவிட்டால் இந்த வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்."

திவான் வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டு சிரித்தார். இயந்திரம் இல்லாமல் இடம் ஏது? பதினோரு வருஷ வேலை போகப்போகிறதே என்று தாட்சாயணிக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது. மறுநாளே ஒரு வி.பி.எஸ். எடுத்தாள். விர்ச்சுவல் பிரைவேட் சர்வர் என்பார்கள். நாலு நாள் உட்கார்ந்து வெப்சைட்டை அங்கே குடியேற்றினாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பதிவு திறக்க இன்னும் அரைமணி. திவான் கையில் ஒரு காகிதத்தோடு நின்றார்.

"அத்தான், இந்தப் பெண் உங்களை ஏமாற்றிவிட்டாள். விசாரித்துவிட்டேன். இப்போதும் நம் வெப்சைட் இருக்கும் இயந்திரத்தில் இன்னும் பத்துப் பேர் இருக்கிறார்கள். இது எப்படித் தனி?"

மகாராஜாவின் முகம் இறுகியது. உண்மையா என்று தாட்சாயணியைக் கேட்டார். உண்மைதான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். சபையில் ஒரு சலசலப்பு.

"பதில் சொல்வதற்கு முன் திவான் ஐயாவிடம் ஒன்று கேட்டுக்கொள்ளலாமா?" என்றாள்.

மகாராஜா தலையசைத்தார்.

"ஐயா இருப்பது தனி வீடா, அரண்மனையில் ஒரு பகுதியா?"

திவான் கல்யாணமான நாளிலிருந்து அரண்மனையின் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார். நடுவில் சுவர் எழுப்பி, தெருவைப் பார்த்து வாசல் வைத்து, 'சௌந்தர விலாசம்' என்று பலகை மாட்டியிருக்கிறார். அக்காள் வீட்டோடு இருக்கிறார் என்று ஜாடையாகச் சொன்னாலும் அவருக்குப் பொறுக்காது.

"தனி வீடு. ஊருக்கே தெரியும்" என்றார் திவான்.

"அஸ்திவாரம்?"

"அது ஒன்றுதான். அதனால் என்ன?"

"அரண்மனை விசேஷத்துக்கு ஐந்நூறு பேர் வந்தால் உங்கள் வீட்டில் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வருமா?"

"எப்படி வரும்? என் தொட்டி தனி. கரண்ட் மீட்டர் தனி. சமையல் தனி."

"வாசல் சாவி?"

"என்னிடம்தான். அத்தானே வந்தாலும் நான்தான் திறக்க வேண்டும்."

தாட்சாயணி மகாராஜாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் எடுத்திருப்பதும் அப்படி ஒரு வீடுதான், மகாராஜா. இயந்திரம் ஒன்று. ஆனால் நமக்கென்று ஒதுக்கிய நினைவகம் நமக்கே. பக்கத்து வீட்டுக் கூட்டம் நம் தொட்டியில் கைவைக்க முடியாது. பூட்டும் சாவியும் நம்மிடம். இது தனி இல்லை என்று திவான் ஐயா ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்."

எல்லோரும் திவானைப் பார்த்தார்கள். திவான் தரையைப் பார்த்தார்.

"தனிதான்" என்றார் கடைசியில்.

"சரியாகக் காதில் விழவில்லை" என்றார் மகாராஜா.

"தனிதான், அத்தான். முழுக்கத் தனி."

பதிவு திறந்தது. அன்றைக்கும் மேட்ச் இருந்தது. மதியத்துக்குள் ஆயிரத்து நூறு குடும்பம் பெயர் பதிந்தது. வெப்சைட் ஒரு தடவைகூடத் திணறவில்லை. மகாராஜா தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து தாட்சாயணிக்குப் போர்த்தி, வேறென்ன வேண்டும் என்று கேட்டார். சத்திரம் என்றால் பெருக்குவதும் பூட்டுவதும் சத்திரக்காரர் வேலை, தனி வீட்டில் அதெல்லாம் நம் தலையில்தான், அதற்கென்று ஓர் ஆளும் கொஞ்சம் நேரமும் வேண்டும் என்றாள் அவள். இரண்டும் அங்கேயே கிடைத்தன.

திவான் காகிதத்தை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

"எங்கே கிளம்பிவிட்டாய்?" என்றார் மகாராஜா.

"வீட்டுக்குப் போகிறேன், அத்தான்."

அதுவரை மகாராஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ராணி நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த வீட்டுக்கு, தம்பி?"

மகாராஜா சிரித்த சிரிப்பு கோயில் வாசல்வரை கேட்டதாம்.